சைக்கிளில் ஆண் உண்டா, பெண் உண்டா?

குட்டீஸ்! எரியோடு, வடமதுரை, வேடசந்தூர்... உங்கள் பள்ளிக்கூடம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒருமுறை நின்று பாருங்கள். சில சைக்கிள்களில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே நேராக ஒரு கம்பி போகும். அது 'ஜென்ட்ஸ் சைக்கிள்'. சிலவற்றில் அந்தக் கம்பி கீழே சரிந்திருக்கும். அது 'லேடீஸ் சைக்கிள்'. மிதிக்கும் கால் எல்லாருக்கும் இரண்டுதானே! சைக்கிளில் மட்டும் ஏன் இந்த வித்தியாசம்?

காரணம், உடை. 1890-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏராளமான பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள். அப்போது அவர்கள் அணிந்தது கணுக்கால் வரை தொங்கும் பாவாடை. நேர்க் கம்பி இருந்தால் பாவாடை தடுக்கும். அதனால் கம்பியைத் தாழ்த்திச் செய்தார்கள். சுடிதார் போட்ட அக்காவுக்கு இன்று அந்தத் தொல்லை இல்லை. சொல்லப்போனால், தாழ்ந்த கம்பி வேட்டி கட்டிய தாத்தாவுக்குத்தான் ரொம்ப வசதி! ஆனால், 'லேடீஸ்' என்று பெயர் வைத்துவிட்டதால் தாத்தா அதை வாங்க யோசிக்கிறார். பார்த்தீர்களா, ஒரு பெயர் செய்யும் வேலையை!

ரோஸ் யாருக்கு? நீலம் யாருக்கு?

நிறத்துக்கும் இதே கதைதான். கடைக்குப் போய் பொம்மை கேட்டால், "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. பையன் என்றால் நீல நிறக் கார். பெண் என்றால் ரோஸ் கலர் சமையல் செட். ஆனால் அமெரிக்காவில் குழந்தைகள் ஆடை வியாபாரிகளுக்கான ஒரு பத்திரிகை, 1918-ல் என்ன எழுதியது தெரியுமா? ரோஸ்தான் ஆண் குழந்தைக்கு, நீலம் பெண் குழந்தைக்கு என்று! ரோஸ் அழுத்தமான நிறமாம், நீலம் மென்மையானதாம். பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. ஆக, இது பிறவியிலேயே வந்த ஆசை இல்லை. பழக்கி விட்டது.

இதில் கடைக்காரருக்கு என்ன லாபம்? அண்ணன் ஓட்டிய சின்ன சைக்கிளைத் தங்கையும் ஓட்டலாம். ஆனால், "அது பையன் சைக்கிள், எனக்கு ரோஸ்தான் வேணும்" என்று தங்கை அடம்பிடித்தால்? அப்பா இன்னொன்று வாங்க வேண்டும். ஒன்று விற்கும் வீட்டில் இரண்டு விற்கும்!

விலையிலும் வேலை நடக்கிறது. நியூயார்க் மாநகரின் நுகர்வோர் நலத் துறை, 2015-ல் ஏறக்குறைய 800 பொருட்களை ஒப்பிட்டுப் பார்த்தது. ஆண்களுக்கான பொருளை விட, அதே மாதிரி பெண்களுக்கான பொருள் சராசரியாக 7 சதவீதம் அதிக விலை! சின்னப் பிள்ளைகள் காலால் தள்ளி ஓட்டும் ஸ்கூட்டர் ஒன்று, சிவப்பு என்றால் 24.99 டாலர். அதுவே ரோஸ் என்றால் 49.99 டாலர். நிறத்துக்கு மட்டும் 25 டாலர்!

புதுக்கோட்டை காட்டிய வழி

கடைக்காரர் சொல்வதைத்தான் நாம் வாங்க வேண்டுமா? இல்லை என்று காட்டியவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 'அறிவொளி இயக்கம்' நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாலையில் பாடம். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பாடத்தோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். "பொம்பளை சைக்கிள் ஓட்டுறதா?" என்று சிலர் கேலி செய்தார்கள். பெண்கள் அசரவில்லை. விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள், ஆசிரியைகள் என்று எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மார்ச் 8, உலக மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள்!

பத்திரிகையாளர் பி.சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து எழுதினார். லேடீஸ் சைக்கிள் விற்பனை ஓராண்டில் 350 சதவீதத்துக்கும் மேல் கூடிவிட்டதாக ஒரு கடைக்காரர் அவரிடம் சொன்னார். அதாவது, 100 சைக்கிள் விற்ற இடத்தில் 450! லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது, பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்திருந்தது. ஏன் தெரியுமா? முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! பெயரைப் பார்க்கவில்லை, தங்களுக்கு எது தேவை என்று பார்த்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், யாரையும் கூப்பிடாமல், வேலைக்கும் சந்தைக்கும் தாங்களே போய் வந்தார்கள்.

நீங்கள் எண்ணிப் பாருங்கள்!

வாங்குபவர் மாறினால் விற்பவரும் மாறுவார். 'ஏரியல்' சலவைத்தூள் நிறுவனம் 2015-ல், துணி துவைப்பது பெண்களின் வேலை மட்டும்தானா என்று கேட்டே இந்தியாவில் விளம்பரம் செய்தது. அதுவும் விற்பதற்காகச் செய்த விளம்பரம்தான். ஆனாலும் கேள்வி நல்ல கேள்விதானே!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு டிவி முன் உட்காருங்கள். பத்து விளம்பரம் பாருங்கள். சமைப்பது யார், பைக் ஓட்டுவது யார், பாத்திரம் கழுவுவது யார், "இதை வாங்குங்கள்" என்று முடிவு சொல்வது யார் என்று ஆண், பெண் இரண்டு கட்டம் போட்டு எண்ணுங்கள். திங்கட்கிழமை வகுப்பில் நண்பர்களின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை கடையில், "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்டால், "எனக்கு!" என்று சொல்லிவிட்டு, பிடித்ததை எடுத்துப் பாருங்கள். விலையையும்தான்!