ஆளறிந்து எழுதினால் அலைச்சல் குறையும்



கடைக்கு வருகிறவரின் முகம் பார்த்துப் பேசுவது நமக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம். ஒருவருக்கு முதலில் காபி, பிறகு விலை. இன்னொருவருக்கு நின்ற நிலையில் விலை மட்டும். இதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எழுத்து என்று வந்துவிட்டால், கம்ப்யூட்டரில் ஒரே வாசகத்தை அடித்து, ஒரே பொத்தானில் இருநூறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பி விடுகிற வழக்கம் மொத்தக் கடைகளில் பெருகி வருகிறது. முகம் பார்த்துக் கிடைத்த வாடிக்கை, முகம் பாராத கடிதத்தால் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இதில் பணம் இருக்கிறது. 1 லட்சம் ரூபாய்ச் சரக்கில் நமக்கு நிற்பது 2 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம். அதாவது 2,000 ரூபாய். நூற்றுக்கு ஒன்றரை வட்டிப் பணத்தில் வாங்கிய சரக்கானால், தவணை தப்பி 40 நாள் போனால் அந்த 2,000 ரூபாயும் வட்டிக்கே சரியாகிவிடும். வசூல் கடிதத்தை எப்படி எழுதுகிறோம் என்பது அந்த 40 நாளைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928ல் வெளியிட்ட நூலில் மனிதர்களின் நடத்தையை நான்கு வகையாகப் பிரித்தார். பெரிய கம்பெனிகளில் ஊழியர்களுக்குத் தரும் பயிற்சிகள் பல அதை ஒட்டியவையே. கல்லாவில் உட்கார்ந்த நம் பெரியவர்கள் அந்த நூலைப் படிக்காமலே ஆளை எடை போட்டார்கள். நம் அனுபவத்திலும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நான்கு வகைதான்.

அவசரக்காரர்

இரண்டு மூன்று கிளை வைத்திருப்பார். கடிதத்தின் முதல் வரியைத்தான் பார்ப்பார். "துவரம்பருப்பு 50 மூட்டை தயார். இந்த விலை இன்று மாலை 5 மணி வரை. அனுப்பலாமா?" இவ்வளவு போதும். லாத்தூர் வரத்து, மழை நிலவரம் எல்லாம் எழுதினால், விஷயம் கண்ணில் படுமுன் மூடிவிடுவார்.

உறவு பாராட்டுபவர்

இவருக்கு, "அண்ணாச்சி, பேத்தி காதுகுத்து நல்லபடியாக நடந்ததா? வர முடியாமல் போய்விட்டது" என்று தொடங்க வேண்டும். பிறகு, "போன மாதப் பில்லை இந்த வாரம் முடித்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்" என்றால் போதும். எடுத்த எடுப்பில் "நிலுவை" என்ற சொல்லைக் கண்டால் அன்றே பணத்தைக் கட்டிவிடுவார்; அடுத்த ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும்.

கணக்குக்காரர்

போனில் கேட்டால், "எழுத்தில் அனுப்புங்கள்" என்பார். பில் எண், தேதி, தொகை, வரவு, லாரி வாடகை, நிற்கும் பாக்கி எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். "சுமார்" என்று ஒரு சொல் இருந்தாலும் கடிதம் மேஜை டிராயருக்குள் போய்விடும். ஜி.எஸ்.டி. உள்ள சரக்கானால், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும் என்ற விதியை ஒரு வரியில் நினைவூட்டலாம். இவர் அதை மிரட்டலாக எடுத்துக் கொள்ள மாட்டார். உபயோகமான தகவல் என்றே கொள்வார்.

தயங்குபவர்

புதிதாகக் கடை வைத்தவர்களில் இவ்வகையினர் அதிகம். முடியாது என்று சொல்லவும் மாட்டார். முடியும் என்று தேதி சொல்லவும் மாட்டார். கடுமையாக எழுதினால் போனை எடுப்பதையே நிறுத்திவிடுவார். "10ஆம் தேதி பாதி, 25ஆம் தேதி பாதி தந்தால் போதும். தோதுப்படுமா தம்பி?" என்று வழியையும் நாமே காட்டி எழுதினால், "சரி" என்ற ஒரு சொல்லாவது வரும். அந்தச் சொல்லைப் பிடித்துக் கொண்டு மேலே பேசலாம்.

எங்களுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்களோடு வரவு செலவு வைத்திருந்த வடநாட்டு ஆலை ஒன்று, "ஏழு நாளில் தொகை வராவிட்டால் சட்ட நடவடிக்கை" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. அந்தப் பில்லில் எடைக் குறைவு பற்றி நாங்கள் எழுதிய கடிதத்துக்கு அவர்கள் பதிலே போடவில்லை. பணம் நின்றதும் அதனால்தான். தவணை தப்பிய எல்லோருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து போன அதே வாசகம் எங்களுக்கும் வந்திருக்கிறது. பணத்தை அன்றைக்கே அனுப்பினோம். கொள்முதலை வேறு ஆலைக்கு மாற்றிக் கொண்டோம். ஒரு பில்லின் பணம் அவர்களுக்குக் கிடைத்தது. வருஷம் முழுக்கப் போகும் லோடு போய்விட்டது.

மாற்றக் கூடாதவை

ஆளுக்குத் தக்கபடி நடையை மாற்றலாம். விலையையும் தவணையையும் மாற்றக் கூடாது. இன்று ஒருவருக்கு எழுதியது நாளை பத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும். அவசரக்காரருக்கு ஒரு விலை, அண்ணாச்சிக்கு ஒரு விலை என்று தெரிந்தால் இருவருமே போய்விடுவார்கள்.

அதுபோல, எவ்வளவு அன்பாக எழுதினாலும் பில் எண், தேதி, தொகை மூன்றும் எங்காவது ஓரிடத்தில் இருக்கட்டும். சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போடும் கெடு, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டு. அந்தக் கெடு முடியுமுன் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை நிலுவை உறுதிக் கடிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்கி வைப்பது நான்கு வகையினருக்கும் பொது.

நடைமுறைக்கு ஒரு யோசனை. பேரேட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அ, உ, க, த என்று ஓர் எழுத்தைப் பென்சிலால் குறித்து வைக்கலாம். கணக்கு எழுதும் பிள்ளைகளுக்கு அது வழிகாட்டும். மையால் குறிக்க வேண்டாம். மனிதர் மாறுவார், தீபாவளி நெருங்கினால் எல்லோருமே அவசரக்காரர்தான். வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் கணக்குக்காரரும் தயங்குவார்.

கோபத்தில் எழுதியதை மட்டும் ஓர் இரவு கிடப்பில் போட்டு, காலையில் கடை திறந்ததும் படித்துப் பார்த்து அனுப்பலாம்.

இந்த மாத நிலுவைப் பட்டியலில் பத்துப் பெயர்களை எடுத்து, அவரவருக்குத் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. பலன் வரவுப் பக்கத்தில் தெரியும்.