பேருந்துக் கட்டணத்தில் ஒரு மலைநடை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கும், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கும் பேருந்தில் சென்றிராத அங்கத்தினர் நம்முள் மிகச் சிலரே இருப்பர். சந்தைக்கும், நூல் வாங்கவும், மகள் வீட்டுக்கும், மருத்துவமனைக்கும் எத்தனையோ முறை அவ்வழியே போய் வந்திருக்கிறோம். பெரும் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள் சன்னலுக்கு வெளியே வந்து மறையும். அவற்றின் பெயரைக் கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. தொலைதூரத்தார் தேடிவந்து வியக்கும் மலைகளை அருகிலிருக்கும் நாம் ஒருமுறையேனும் ஏறிப் பார்த்ததில்லை. குழித்தறியில் காலை இறக்கி நாள் முழுதும் குனிந்திருப்பவருக்கும், வரப்பே உலகமென்று வாழ்பவருக்கும், ஆண்டில் இரண்டொரு நாள் கூடி நடப்பது ஆடம்பரமன்று. அவசியம் என்பது நம் கருத்து.

இது புதுமையான யோசனையுமன்று. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு கடை திறந்ததும், அவர்களுள் நெசவாளர் பலர் இருந்ததும் அங்கத்தினர் அறிந்த வரலாறு. அதே லங்காஷயரில் கோல்ன் என்னும் நெசவு ஊர் ஒன்று உண்டு. ஆலைகளுக்கு விடுமுறை விடும் வாரத்தில் தொழிலாளர் தம் சேமிப்பைக் கடற்கரைக் கேளிக்கைகளில் கரைத்துவிட்டு வெறுங்கையராய்த் திரும்புவதைக் கண்ட டி. ஏ. லெனார்டு என்ற பாதிரியார், 1891இல் சுமார் முப்பது இளைஞர்களை ஏரிகள் சூழ்ந்த மலைநாட்டுக்கு நடைப்பயணமாக அழைத்துச் சென்றார். அவர் தொடங்கிய இயக்கத்துக்கு இட்ட பெயர் 'கூட்டுறவு விடுமுறைச் சங்கம்' என்பதாம். அங்கே மலைகள் பல நிலக்கிழார்களின் வேட்டைக்காடுகளாக அடைபட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்னும் மலைமேட்டில் தொழிலாளர் திரண்டு ஏறினர். ஐவர் சிறை சென்றனர். பின்னர் 1951இல் அம்மலைப்பகுதியே பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. நமக்கோ சிறை செல்ல வேண்டிய அவசியமில்லை. பேருந்து ஏறினாலே போதும்.

முதலில் செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலை கோட்டையின் ஊடாகவே செல்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் மதில் வளைத்து நிற்கிறது. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். உச்சிக்கு அருகே பிளந்து கிடக்கும் பள்ளத்தைப் பாலத்தின் வழியே கடக்க வேண்டும். 1677இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையில் அவர் மகன் ராஜாராம் தங்கியிருந்தபோது, முகலாயர் படை பல ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698இல்தான் பிடிக்க முடிந்தது. தேசிங்குராஜன் போரில் மாண்டது 1714இல். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது நம் செஞ்சி. அடிவாரத்திலுள்ள நெற்களஞ்சியத்தை விவசாய அங்கத்தினர் அவசியம் பார்க்க வேண்டும். முற்றுகையைத் தாங்கியது மதில் மட்டுமன்று, சேமித்த நெல்லும் தேக்கிய நீருமே என்பது அங்கே விளங்கும்.

செஞ்சிக்கு வடக்கே நடந்து போகும் தொலைவில் திருநாதர்குன்று இருக்கிறது. அங்கே ஒரு பெரும்பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நினைவைக் கூறும் பழைய கல்வெட்டு ஒன்றும் உண்டு. தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் 'ஐ' என்னும் எழுத்தின் தொன்மைக்குச் சான்றாக இக்கல்வெட்டை மேற்கோள் காட்டுவர். நம் குழந்தைகள் சிலேட்டில் எழுதிப் பழகும் எழுத்தின் மூதாதையைக் கல்லில் காண ஒருமணி நேர நடை அதிகமோ?

விழுப்புரத்தார்க்கு மண்டகப்பட்டு எளிது. செஞ்சிச் சாலைப் பேருந்தில் இறங்கிச் சற்று நடந்தால், முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த கோயில் நிற்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலைச் செய்ததாக அம்மன்னன் கல்வெட்டில் பெருமை கொள்கிறான். தச்சனும் கொத்தனும் இல்லாமல் உளியொன்றையே நம்பிய வேலை அது. கையினால் தொழில் செய்யும் நம்மவர் அதன் அருமையை உடனே உணர்வர். அதே மன்னன் குடைவித்த தளவானூர்க் குகைக்கோயிலையும் அப்பகுதியிலேயே காணலாம்.

திண்டிவனத்தார்க்கு மற்றொன்று திருவக்கரை. டி.எம்.வி. என்னும் எழுத்துகளைத் தாங்கிய நிலக்கடலை, எள் இரகங்கள் பிறந்த ஊர் திண்டிவனம் என்பது பயிரிடுவோர்க்குத் தெரியும். அதன் அருகிலேயே சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை அவை; ஆகவேதான் வேரும் கிளையும் இல்லை. மரத்தின் இடத்தைச் சிறிது சிறிதாக சிலிக்கா பிடித்துக்கொண்டபோதிலும் ஆண்டு வளையங்கள் மறையவில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940இல் இதைப் பூங்காவாக ஏற்படுத்தியது. ஊர்க்கோயிலிலிருந்து சிறிது தூரமே நடை.

நாம் கண்ட ஓர் அனுபவத்தையும் கூறிவிடுவது நலம். சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் நம் அங்கத்தினர் பதினொருவருடன் ராஜகிரி ஏறப் புறப்பட்டோம். பேருந்துக்குக் காத்திருந்ததில் காலைநேரம் கழிந்தது. தண்ணீரும் இருவருக்கு ஒரு புட்டியே. பாதி வழியில் மூத்த நெசவாளர் ஒருவர் கால் நடுங்க உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க தம்பி, நான் இங்கயே இருக்கேன்" என்றார். ஒருவரும் மேலே போகவில்லை. அவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு எல்லாரும் இறங்கினோம். தை மாதத்தில் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து மீண்டும் சென்றோம். அன்று உச்சியில் முதலில் நின்றவர் அவரே. கீழே கட்டம் கட்டமாகத் தெரிந்த வயல்களைப் பார்த்து, "நம்ம கட்டம் போட்ட துண்டு மாதிரியே இருக்கே" என்றார். ஆகவே, மார்கழி முதல் மாசி வரை செல்க, விடியலில் புறப்படுக, தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்க. உச்சியேறப் பிற்பகலில் அனுமதிப்பதில்லை என்பதையும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் நினைவில் வைக்க. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்தில் வந்தது. ஆடவர் மட்டும் போய்வரும் வழக்கத்துக்கு இனி யாது காரணம்?

இவ்வளவு வற்புறுத்துவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கோட்டைக்கும் கோயிலுக்கும் சட்டத்தின் காவல் இருக்கிறது. அவற்றினிடையே பெயர் மட்டும் தாங்கி நிற்கும் சிறு குன்றுகளுக்கு அத்தகைய காவல் இல்லை. நம் மாவட்டத்தில் குன்றுகளை வெடிவைத்து உடைத்துச் சல்லியாக்கும் இடங்கள் பல. சாலைக்கும் வீட்டுக்கும் கல் வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் குன்று போனால் அதில் வழிந்து ஏரிக்கு வந்த மழைநீரின் வழியும் மாறும். ஆடு மேய்த்த இடமும் போகும். நெல் அறுவடையாயின் மறுபோகம் உண்டு. குன்றுக்கு மறுபோகம் இல்லை. ஒற்றையடிப் பாதைக்குப் பத்திரமும் பட்டாவும் கிடையாது. நடப்பவரின் கால்களே அதற்குச் சாட்சி. எவரும் ஏறாத குன்று காணாமற்போனால் கேட்பார் யார்? ஆண்டுதோறும் ஐம்பது பேர் ஏறும் குன்றில் ஒரு மூலை குறைந்தாலும் ஐம்பது பேர் கேட்பர்.

சங்கத்தின் பணம் இதற்கு வேண்டியதில்லை. அவரவர் கட்டணம், அவரவர் கட்டுச்சோறு. சங்க அறிவிப்புப் பலகையில் நாளும் பேருந்து நேரமும் எழுதினால் போதும். வழியறிந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை முன்னே நடக்கச் சொல்லி, குன்றுகளின் பெயர்களையும் அவர் கூறும் செய்திகளையும் இளைஞர் ஒருவர் ஒரு நோட்டில் குறித்து வரட்டும். தறியும் ஏரும் ஒருநாள் ஓய்ந்திருந்தால் நட்டமொன்றும் நேராது. வரும் தை மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலைப் பேருந்தில் அங்கத்தினரைக் குடும்பத்தோடு எதிர்பார்க்கிறோம்.