சுளுக்குத்தானே என்று விட்டுவிடாதீர்கள்!



நாற்று நடுவதும் கையால், களை எடுப்பதும் கையால், குழந்தையைத் தூக்குவதும் கையால்தான். வீட்டில் ஒருவர் கை முடங்கினால் குடும்பமே தவித்துப் போகும். ஆனாலும் கையில் அடிபட்டால், "சுளுக்குத்தான், நீவிவிட்டாச் சரியாப்போகும்" என்று சொல்லிவிடுகிறோம். எது சுளுக்கு, எது முறிவு என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து தெரிந்துகொள்ளுங்கள்.

அடிபட்டவுடன் என்ன செய்யலாம்?

வீக்கம் ஏறுவதற்கு முன்பே மோதிரம், வளையல், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு மோதிரம் விரலை நெரித்து ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியையோ குளிர்ந்த ஈரத்துணியையோ 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் போட்டு நீவுவது, விரலை இழுத்துச் சொடக்கு எடுப்பது கூடவே கூடாது. முறிந்த எலும்பை நீவினால் அது மேலும் விலகும்.

முறிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

மணிக்கட்டு கோணலாகத் தெரிந்தாலும், விரல்களை மடக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும், ஓரிடத்தைத் தொட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தாலும் முறிவு என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கைக்கு அடியில் அட்டை அல்லது மூங்கில் சிம்பு வைத்து, தளர்வாகக் கட்டி, எக்ஸ்ரே வசதியுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் பலம் குறைவதால், தரையில் கை ஊன்றி விழுந்தாலே மணிக்கட்டு முறியலாம். வீட்டிலுள்ள தாயாரையும் மாமியாரையும் கவனியுங்கள்.

வீக்கமில்லாத முறிவும் உண்டு!

"ஏங்க, வரப்புல வழுக்கி விழுந்து நாலு நாளாச்சு. இன்னும் வலிக்குதுங்கிறீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"வீக்கமே இல்லையே புள்ள. அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்."

அறுப்பு முடிவதற்குள் காலம் கடந்துவிடும். கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டுங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் பக்கமாக ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? அங்குள்ள படகு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். டாக்டர் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி வரச் சொன்னால் தவறாமல் போங்கள். இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடும். பிறகு மண்வெட்டி பிடிப்பதே கஷ்டம்.

விரல் நுனி தொங்கினால்?

அடிபட்ட விரலின் நுனி தானாக நிமிரவில்லை என்றால், அதை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கலாம். டாக்டர் சிம்பு வைத்து 6 முதல் 8 வாரம் நேராக வைக்கச் சொல்வார். இடையில் ஒரே ஒரு முறை மடக்கினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

அரிவாள் வெட்டுக்கு

சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ரத்தம் நின்றபின் சுத்தமான நீரில் கழுவுங்கள். சாணம், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். ரண ஜன்னி வராமலிருக்கத் தடுப்பூசி தேவையா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வெட்டு சிறியதானாலும் விரல் மடங்கவில்லை, மரத்துப்போச்சு என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தீவனம் வெட்டும் இயந்திரத்தில் விரல் துண்டாகிவிட்டால், துண்டான விரலைத் தூக்கி எறியாதீர்கள். ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். விரலை நேராக ஐஸில் போடக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் போனால் மீண்டும் ஒட்டவைக்க வாய்ப்புண்டு.

கட்டுப் போட்ட பிறகு

எந்தக் கட்டானாலும் சரி, விரல்கள் நீலம் பாய்ந்தாலும், வெளுத்தாலும், சில்லிட்டாலும், மரத்தாலும், வலி ஏறிக்கொண்டே போனாலும் கட்டு இறுக்கம் என்று அர்த்தம். துணிக்கட்டானால் உடனே தளர்த்துங்கள். மாவுக்கட்டானால் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் கையையே இழக்க நேரிடும்.

இளம் தாய்மார்களுக்கு

குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறதா? அடிக்கடி தூக்குவதால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். அக்குளில் கட்டைவிரல் கொடுத்துத் தூக்காமல், பிட்டத்துக்கு அடியில் உள்ளங்கை கொடுத்துத் தூக்குங்கள். கணவரும் குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தாமாக வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

காலத்தில் காட்டினால் கை பிழைக்கும். கை பிழைத்தால் குடும்பம் தழைக்கும்!