வேலூர் ஆய்வுக்கூடமும் மலையடிவாரக் குழந்தைகளும்

ஏலக்காய் மணம் வீசாத கடைவீதி போடிநாயக்கனூரில் உண்டோ? விருந்து உண்டபின் செரிமானத்துக்காக ஓர் ஏலக்காயை மெல்லுவதும் நம் வழக்கமே. ஆனால் கைக்குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கு கண்டுவிட்டால் ஏலக்காயும் உதவாது, ஓமத்தண்ணீரும் போதாது. அந்நோயை வேலூரில் பல்லாண்டுகள் ஆராய்ந்த டாக்டர் ககன்தீப் காங் அம்மையாரின் பணியை இங்கே விளக்க விழைகிறோம்.

1962-இல் சிம்லாவில் பிறந்த இவர், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே குடல் நோய் ஆய்வில் ஈடுபட்டார். 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பணியாற்றும் பெண் விஞ்ஞானிகளுள் இப்பெருமையை முதலில் பெற்றவர் இவரே.

இவர் ஆராய்ந்த கிருமிகளுள் முக்கியமானது ரோட்டா வைரஸ். 1973-இல் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் இதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டனர். சக்கரம் போல் தோன்றுவதால் இப்பெயர். அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் குடலுறிஞ்சிகளை இது தாக்குகிறது. அவை சிதைந்தால் நீரும் உப்பும் உடலில் சேராமல் வெளியேறிவிடும். கண்கள் குழிவிழும், நாக்கு வறளும், அழுதாலும் கண்ணீர் வராது. சின்னஞ்சிறு உடலில் இழப்பதற்கு எவ்வளவு நீர்தான் இருக்கும்? ஓரிரு நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.

"தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகுமடி" என்று தடுக்கும் பாட்டிமார் இன்றும் உண்டு. உண்மை நேர்மாறானது. பேதியின்போதும் குடல், சர்க்கரையோடு சேர்த்து உப்பை ஏற்றுக்கொள்ளும். உப்பின் பின்னே நீரும் செல்லும். 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே பல்லாயிரவரைக் காத்தார். தாய்ப்பாலையும் நிறுத்தலாகாது.

இனி வேலூருக்கு வருவோம். 2002-இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில் அங்குள்ள குடிசைப் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்தனர். பணியாளர்கள் வாரம் இருமுறை வீடு வீடாகச் சென்றனர். இரு வாரத்துக்கு ஒருமுறை, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தையின் மலத்தைச் சேகரித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். (இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் பலர்!) பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதம் நிறையுமுன்னரே ரோட்டா தொற்றியிருந்தது தெரியவந்தது. மெக்சிகோவில் இருமுறை தொற்றிய குழந்தைகளுக்குப் பின்னர் கடும் ரோட்டா பேதி காணவில்லை. வேலூரிலோ மும்முறை தொற்றிய பின்பும் பாதுகாப்பு நூற்றுக்கு 79 தான்.

ஆகவே தடுப்பு மருந்தை மிக இளவயதிலேயே கொடுக்க வேண்டும். ஒரு தவணை போதாது. டில்லியில் பிறந்த ஒரு குழந்தையிடமிருந்து எடுத்த, பேதி உண்டாக்காத ரோட்டா வகையிலிருந்து ரோட்டாவாக் என்ற சொட்டு மருந்து உருவானது. டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் அதைச் சோதித்தனர். வேலூர்ப் பகுதிச் சோதனையில் காங் அம்மையாரின் பங்கு பெரிது. முதல் ஆண்டில் கடும் ரோட்டா பேதியை அது நூற்றுக்கு 56 அளவு தடுத்தது. பாதிதானே என்று சிலர் கேட்கலாம். மும்முறை நோய் கண்டும் முழுக் காப்பு கிட்டாத ஊரில் இது குறைவென்று எங்களுக்குத் தோன்றவில்லை. சோப்பும் தூய நீரும் மட்டுமே போதுமென்றால், ஆஸ்திரேலியக் குழந்தைகளுக்கு இந்நோய் ஏன் வந்தது?

2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ரோட்டா சொட்டு மருந்துத் திட்டம் 2017-இல் தமிழகத்துக்கு வந்தது. 6, 10, 14 ஆவது வாரங்களில் அரசு நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. விடியற்காலை ஜீப்பில் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மார் பலர். சிலர் குழந்தையோடு அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஆறாம் வாரம் தமிழகத்திலும் பத்தாம் வாரம் கேரளத்திலும் கழியலாம். தடுப்பூசி அட்டையை மறவாமல் துணிப்பையில் வைத்து எடுத்துச் சென்றால், மலைமேலுள்ள செவிலியரும் அடுத்த தவணை எதுவென்று பார்த்துக் கொடுத்துவிடுவார்.