யாழ்ப்பாணத்துச் சாப்பாடும் அதைச் சமைக்கிறவர்களும்

கடந்த மாதம் வலிகாமம் மேற்கில் எமது மாதர் குழுவின் கூட்டம் நடந்தபோது, சேமிப்புக் கணக்கு வாசித்து முடிவதற்கு முன்பே ஓர் அக்கா எழுந்து நின்றார். நகரிலுள்ள ஒரு சுற்றுலா விடுதி தன்னிடம் நாளொன்றுக்கு 300 இடியப்பம் கேட்கிறது என்றும், ஒப்புக்கொள்வதா விடுவதா என்று இரண்டு இரவுகளாக நித்திரை இல்லை என்றும் கூறினார். "பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ" என்று என்னைப் பார்த்தார்.

சமூகவியல் பட்டம் ஒருநாள் இடியப்பக் கணக்குக்கும் வேண்டிவரும் என்று பல்கலைக்கழகத்தில் எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்று தவணை கேட்டு வந்துவிட்டேன். அதன்பின் மூன்று வாரங்களாக, கள வேலைக்கு எங்கு சென்றாலும் சாப்பாட்டுக்கடைகளைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தேன். அவ்வாறு கேட்டவற்றையும் எனக்குத் தோன்றியவற்றையுமே இங்கு எழுதுகிறேன்.

எனது சிறுபராயத்தில் யாழ்ப்பாணத்தில் வெளியே சாப்பிடுவது என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் கச்சேரிக்கு வந்தவர்களும் செய்கின்ற காரியம். சைவக்கடையில் தோசை வடை, தேநீர்க்கடையில் பணிஸ், நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் ஒரு ஐஸ்கிறீம், அவ்வளவுதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் அதுவும் இல்லை. வாசகிகள் பலருக்கு அந்த நாட்களை நான் விளக்க வேண்டியதில்லை. நிவாரண அரிசியும் பருப்பும் முருங்கையிலையும் வைத்து வீட்டை ஓட்டியவர்கள் நீங்கள்தான்.

போர் 2009இல் முடிந்து, அடுத்த ஆண்டு ஏ9 வீதியால் தென்னிலங்கைப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. ஒவ்வொரு வழி திறந்தபோதும் நகரில் புதிதாகச் சில உணவகங்களும் திறந்தன. இடையில் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் எரிவாயுவும் பெற்றோலும் இல்லாத நெருக்கடி என்று மூன்று அடிகள் விழுந்தன. பெரிய இடங்கள் கதவைச் சாத்தி வைத்துவிட்டுப் பின்னர் திறந்தன. சிறிய கடைகள் பல திறக்கவேயில்லை. எரிவாயு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பி, மீண்டும் விறகடுப்பை மூட்டிய பெண்கள் எமது குழுவிலேயே இருக்கிறார்கள்.

இன்று நகரில் கிடைக்காத சாப்பாடு இல்லை எனலாம். கோழிப் பொரியல், பீட்சா, வட இந்திய ரொட்டி, சீனச் சோறு, குளிரூட்டிய கோப்பிக்கடை. மாலையானால் இளைஞர் கூட்டம் அங்கேதான். தொலைபேசியில் சொன்னால் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர்கள் இவற்றைத் தேடி வருவதில்லை. அவர்கள் கேட்பது நண்டுக்கறி, ஒடியல் கூழ், புட்டு, இடியப்பம், சொதி. எங்கள் அம்மாமார் குசினியில் எவரும் பார்க்காமல் செய்தவை விடுதிகளின் விலைப்பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியிருக்கின்றன. ஒடியல் கூழ் ஒரு சிறிய கிண்ணத்தில் வந்ததை நானே கண்டேன். முற்றத்தில் பெரிய பானையைச் சுற்றி இருந்து, பலாவிலையைக் கோலிக் குடித்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் கூழ் நல்ல கூழ்தான், பொய் சொல்லக்கூடாது.

நண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். களப்பு நண்டு உயிருடன் சிங்கப்பூர் போகிறது. நீலக்கால் நண்டின் சதை பதப்படுத்தப்பட்டு அமெரிக்கா போகிறது. கொழும்பில் 2011இல் இரண்டு கிரிக்கெட் வீரர்கள் பங்காளிகளாகச் சேர்ந்து நண்டுக்கென்றே ஓர் உணவகத்தைத் திறந்தார்கள். இப்படிப் பெயர் பரவப் பரவ விலையும் ஏறிவிட்டது. தீவகப் பக்கம் ஒரு சகோதரி நண்டுச் சதை எடுக்கும் வேலை செய்கிறார். "முந்தி வலையில மிஞ்சினதைக் கறிக்கு எடுப்பம் மிஸ். இப்ப நாள் முழுக்க நண்டோட இருக்கிறன், பிள்ளையளுக்குக் காய்ச்சிக் குடுத்துக் கனகாலம்" என்றார். அவருக்கு மாதச் சம்பளம் வருகிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

மற்றொரு மாற்றமும் நடந்திருக்கிறது. பழைய சைவக்கடைகளில் அடுப்படியில் நின்றவர்கள் ஆண்கள். வீட்டில் சமைத்தவர்கள் பெண்கள். கடைச் சாப்பாடு வேறு, வீட்டுச் சாப்பாடு வேறு என்றிருந்தது. இப்போது "வீட்டுச் சுவை" என்று எழுதி விற்கிறார்கள். வீட்டுச் சுவை வேண்டுமென்றால் வீட்டுப் பெண்கள் வேண்டும். ஆகவே சமையலறைக்குப் பெண்கள் வந்திருக்கிறார்கள். எந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். ஒரு விடுதியில் வேலை செய்யும் நாற்பத்தைந்து வயதுத் தாய் சொன்னார்: "மிளகாய்த்தூள் வறுக்கிறது நான். எவ்வளவு கருகவேணும் எண்டு தெரிஞ்சது நான். தொப்பி போட்டு வெளியில போய்க் கை குலுக்கிறது தம்பி." தம்பி என்றது தலைமைச் சமையற்காரரை. கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய பதவியின் பெயர் உதவியாளர். சமையற்காரர் என்று பெயர் மாறினால் சம்பளமும் மாறும் என்பது அவருக்குத் தெரியும். யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

இதற்கு வேறுவிதமான ஓர் உதாரணம் திருநெல்வேலியில் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் நடக்கும் அம்மாச்சி உணவகத்தை வாசகிகள் அறிந்திருப்பீர்கள். தெற்கில் ஹெல போஜுன் என்ற பெயரில் நடப்பதைப் போன்றது. பெண்கள் தாங்களே சமைத்துத் தாங்களே விற்கிறார்கள். குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, உழுந்து வடை, தோசை என்று கண்முன்னே சுடச்சுட வருகிறது. விலை கட்டுபடியாகும் என்பதால் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் முச்சக்கர வண்டிக்காரரும் வெளிநாட்டாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே. ஆனால் இங்கும் இடம் சிலருக்குத்தான் கிடைக்கும். காலையில் இருட்டோடு வர வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்களும் பஸ் ஓடாத ஊர்களில் இருப்பவர்களும் என்ன செய்வது?

பரிமாறும் வேலைக்குப் போகும் இளம்பெண்களின் பாடு இன்னொன்று. வலிகாமம் வடக்கிலிருந்து வரும் ஒரு தங்கை உயர்தரம் படித்தவர். தந்தை இல்லை. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிகிறது. வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது, ஆங்கிலமும் கொஞ்சம் பழகிவிட்டார். ஊரில் பேசும் கதைதான் பிடிக்கவில்லை. "ஹோட்டலில வேலையாம்" என்று இழுத்துச் சொல்கிறார்களாம். வீட்டில் பட்டினி கிடந்தபோது எட்டிப் பார்க்காத வாய்கள்தான் இவை. அந்த உணவகம் இரவில் பெண்களை வீட்டில் கொண்டுபோய் இறக்க ஒரு வாகனம் ஒழுங்கு செய்தால் பாதிக் கதை நின்றுவிடும் என்று நான் நினைக்கிறேன். நல்லூர் ஆலயச் சூழலில் அசைவ உணவகம் இருக்கலாமா என்று 2025இல் ஊரே எழுந்து நின்று வாதிட்டது. பக்தர்களின் மனம் நோகக்கூடாது என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் அத்தனை பேச்சிலும், கோப்பை கழுவும் பெண் எத்தனை மணிக்கு வீடு போகிறாள் என்று ஒருவராவது கேட்டதாக நான் அறியவில்லை.

கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு மாமியிடமும் கேட்டேன். "முந்தின ருசி இல்லையம்மா, எல்லாம் சனத்துக்குக் காட்டுறதுக்குச் சமைக்கினம்" என்று குறைப்பட்டார். முந்தின ருசிக்காகத் தன் தாயார் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று சற்று யோசித்துவிட்டு, "மூண்டு மணி இருக்கும்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

இனி இடியப்பத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் எல்லோருமாக இருந்து கணக்குப் பார்த்தோம். அந்த அக்கா பெண் தலைமை தாங்கும் குடும்பம், இரண்டு பிள்ளைகள். இப்போது காலையில் 120 இடியப்பம் அவித்துச் சந்தையடிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கையில் காசு. விடுதி கேட்கும் 300ஐயும் சேர்த்து அவிக்க வேண்டுமானால் இரவு ஒரு மணிக்கு எழும்ப வேண்டும். உரல் கொண்டு கையால் பிழிந்து முடியாது, இயந்திரம் வேண்டும். இயந்திரத்துக்கு ஒரு நிதி நிறுவனம் கடன் தர ஆயத்தமாக இருக்கிறது, கிழமைக்குக் கிழமை தவணை. விடுதியோ மாதமுடிவில்தான் காசு தருமாம். பத்து இடியப்பத்துக்கு அவருக்குக் கிடைக்கும் காசில் அந்த விடுதியில் இரண்டு இடியப்பம்கூடச் சாப்பிட முடியாது. பயணிகள் குறைந்த மாதங்களில் 300 என்பது 50 ஆகலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். தவணை மட்டும் குறையாது.

கடன் என்றதும் கூட்டம் அமைதியானது. நுண்கடன் கட்ட முடியாமல் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. 2018இல் அரசாங்கமே, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அந்தப் பட்டியலில் பெயர் வராதவர்களும் எமது குழுவில் இருக்கிறார்கள்.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு வயோதிபத் தாய், "ஏன் பிள்ளையள், ஒராள்தான் அவிக்கோணுமோ?" என்று கேட்டார். மூன்று வாரம் அலைந்த எனக்கு இது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று பெண்கள் ஆளுக்கு நூறு அவித்தால் இயந்திரமும் வேண்டாம், கடனும் வேண்டாம். மாவுக்கான முதலைக் குழுச் சேமிப்பிலிருந்து எடுக்கலாம். ஒரு முச்சக்கர வண்டியில் மூன்று வீட்டுச் சாமானும் போகும். பயணிகள் குறைந்தால் நட்டம் ஒருவர் தலையில் விழாது. ஒரே பருமன், ஒரே பதம் வருமா என்று ஒருவர் சந்தேகப்பட்டார். அதற்கு ஒரே ஆலையில் மா அரைப்பதென்றும், முதல் கிழமை மூவரும் ஒரே வீட்டில் அவித்துப் பார்ப்பதென்றும் தீர்மானித்தோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து மூன்று சமையலறைகளையும் முன்கூட்டியே காட்டும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

விடுதிக்கு ஒரு கடிதமும் எழுதினோம். காசு ஒவ்வொரு சனிக்கிழமையும் தர வேண்டும், எண்ணிக்கையைக் கூட்டுவதோ குறைப்பதோ இரண்டு நாளைக்கு முன் அறிவிக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று மூன்று விடயங்கள் கேட்டிருக்கிறோம். விலையையும் சற்று உயர்த்திக் கேட்கலாமா என்று வாதம் வந்தது. பெரும்பான்மையோர் பயந்தார்கள். அந்த அக்காதான், "கேட்டால் என்ன, அடிக்கவா போகினம்" என்று சொல்லி அதையும் எழுத வைத்தார்.

கடிதம் கொடுத்துப் பத்து நாட்களாகின்றன. பதில் இன்னும் வரவில்லை. அவர் வழமைபோல விடிய முன் 120 இடியப்பம் அவித்துச் சந்தையடிக்குக் கொண்டுபோகிறார்.