உப்புக்காற்றில் புல்லட்: ஆயிலின் இரண்டு வேலைகள்

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய 350 சிசி புல்லட்டில் ஆயில் தொட்டி தனியாக வெளியே தொங்காது. கிராங்க் கேஸின் பின்பகுதியிலேயே, அதே வார்ப்பில் அமைந்திருக்கும். கொள்ளளவு சுமார் 2.25 லிட்டர். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்து, 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் வழியாகச் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் பல்லாண்டுகள் மாறாமல் தயாரான அமைப்பு இது.

டைமிங் கவருக்குள் இரண்டு பிளஞ்சர் பம்புகள். ஒன்று தொட்டியிலிருந்து ஆயிலை அனுப்பும். மற்றொன்று கிராங்க் கேஸில் வடிந்ததை இறைத்துத் தொட்டிக்குத் திருப்பும். வண்டி பல நாள் நின்றால் ஆயில் பம்பு வழியே கசிந்து கிராங்க் கேஸில் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை கிளம்புவது பெரும்பாலும் இதனால்தான். அதைப் பார்த்துப் பிஸ்டன் ரிங்கை மாற்றுவது வீண்செலவு.

அனுப்பப்படும் ஆயில், கம்பளி போன்ற ஃபெல்ட் வடிகட்டியைக் கடந்து கிராங்கின் நுனி வழியாக, கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பிக் எண்டுக்குப் போகிறது. அங்கே உருளைகளுக்குப் பதில் மிதக்கும் புஷ் ஒன்றுதான். அழுக்கு ஆயிலை அது தாங்காது. ஃபெல்ட் அடைத்துக்கொண்டாலோ, கிராங்க் நுனியிலுள்ள சீல் தேய்ந்தாலோ, பிக் எண்டுக்குப் போதிய ஆயில் கிடைக்காமல் முதலில் சத்தம் வரும், பிறகு எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஃபெல்ட்டின் விலையோ சொற்பம்.

வெப்பத்தின் பெரும்பகுதியைத் தணிப்பது சிலிண்டர் ஃபின்களில் படும் காற்று. மீதியைச் சுமப்பது ஆயிலின் இரண்டாவது வேலை. வண்டி ஓடும்வரை கவலையில்லை. தூத்துக்குடியில் ஒன்றாம் ரயில்வே கேட்டோ இரண்டாம் கேட்டோ அடைத்திருக்கும்போது, சித்திரை வெயிலில் எஞ்சினை அணைக்காமல் நிற்பதுதான் சோதனை. காற்றோட்டம் நின்றுவிடும், ஆயில் சூடாகி இளகும்.

திருச்செந்தூர் சாலையின் உப்பளங்களைக் கடந்துவரும் காற்றும், அனல்மின் நிலையச் சாம்பல் லாரிகள் கிளப்பும் தூசியும், கசிந்த ஆயிலோடு சேர்ந்து ஃபின்களுக்கிடையே அப்பிக்கொள்கின்றன. அந்தப் படலம் வெப்பத்தை வெளியேற விடாது. உப்பு இரும்பையும் அரிக்கிறது. எஞ்சின் நன்கு ஆறியபின் நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பதே வழி. சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும்.

தனி ஆயில் கூலர் பொருத்தித் தரும் கடைகளும் உண்டு. பழைய பம்பு தள்ளும் ஆயில் குறைவு என்பதால், அந்தப் பணத்தில் ஆயிலையும் ஃபெல்ட்டையும் அடிக்கடி மாற்றுவது மேல். கூலர் பொருந்துவது அதற்கென்றே வடிவமைத்த எஞ்சினில்தான்: 2016-இல் வந்த என்ஃபீல்டு ஹிமாலயனிலும் 2018-இன் இன்டர்செப்டர் 650-லும் அது ஆலையிலேயே பொருத்தப்பட்டது. 2009-இல் வந்த கிளாசிக்கில் கூலர் இல்லை. ஆனால் ஃபெல்ட்டின் இடத்தைக் காகித வடிகட்டி பிடித்துக்கொண்டது.