கொட்டகையில் நிற்கும் மூன்றாவது வண்டி

நீலகிரி மலையில் வாழ்வோர்க்குச் சொந்த வாகனம் ஆடம்பரப் பொருள் அன்று. ஐப்பசி மழை கொட்டும் இரவில், தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு நோயாளியைக் குன்னூருக்கோ உதகைக்கோ கொண்டு சேர்க்க வேண்டுமாயின், கடைசிப் பேருந்து போன பின்னர் வண்டி வைத்திருக்கும் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. நல்ல வாகனம் அமைவதை மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியிருக்கிறார்கள். ஆகவே வண்டி வைத்திருக்கலாமா என்பது கேள்வியே அன்று. எத்தனை வண்டி என்பதே கேள்வி.

பெரியவர் தேயிலை வியாபாரம் செய்த நாளில் வாங்கிய ஜீப் ஒன்று. மகன் அன்றாடம் கடைக்குச் செல்லும் கார் ஒன்று. வளைகுடா நாட்டில் பணிபுரியும் இளையவர், விடுமுறையில் வரும்போது ஓட்டுவதற்கென வாங்கி நிறுத்தியுள்ள சிறிய கார் மற்றொன்று. இத்தகைய வீடுகள் நம்மிடையே அரிதல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆண்டுதோறும் இன்சூரன்ஸ் முடியும் மாதம் வந்தால், எவரும் கேள்வி கேட்காமலே பணம் கட்டப்பட்டு விடுகிறது.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி, பிறருக்கு நேரும் இழப்புக்கான கட்டாயக் காப்பீட்டுக் கட்டணம் மட்டும், 1,000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். வரி தனி. பெரிய எஞ்சின் கொண்ட பழைய ஜீப் ஓடாமல் நின்றாலும், ஓடுகின்ற இரு கார்களுக்கும் சேர்த்துக் கட்டும் 5,510 ரூபாயைவிட அதிகம் விழுங்குகிறது! கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்குக் காப்பீடு எதற்கு என்பார் சிலர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பொது இடத்தில் பயன்படும் வண்டிக்கே அதைக் கட்டாயமாக்குகிறது என்பது மெய்தான். ஆனால் மலைச்சரிவு வீடுகளில் கொட்டகை உள்ளவர் எத்தனை பேர்? பெரும்பாலான வண்டிகள் நிற்பது சாலையோரத்தில் அல்லவா!

இனி மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, குறித்த தவணை கட்டும் வணிகக் காப்பீடு ஷரீஅத்துக்கு ஒவ்வாதது என்றும், பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீடே தகுந்தது என்றும் தீர்மானித்தது. சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில், நிர்ப்பந்தத்தை முன்னிட்டு மார்க்க அறிஞர்கள் பலர் இதனை அனுமதிக்கின்றனர். நம் வண்டியால் அடிபட்ட ஏழைக்கு இழப்பீடு கிடைக்க வழி செய்வதாலும் அந்தச் சட்டத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் நிர்ப்பந்தம் தரும் சலுகை, அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்குத்தான் என்பது ஃபிக்ஹ் கலையின் விதி. தேவையான வண்டிக்குக் கட்டும் காப்பீடு நிர்ப்பந்தம். பெருமைக்காக வைத்திருக்கும் வண்டிக்குக் கட்டுவதையும் நிர்ப்பந்தம் என்று சொல்ல நா எழுமா? அந்த நிர்ப்பந்தத்தை விலை கொடுத்து வாங்கியவர் நாமே அல்லவா!

குதிரைகளைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி, முஸ்லிம் இரு நூல்களும் பதிவு செய்திருக்கின்றன. ஒருவருக்கு அது நற்கூலி, மற்றொருவருக்கு மறைப்பு, வேறொருவருக்குச் சுமை. இறைவழிக்கென வைத்திருப்பவர் முதலாமவர். பிறரிடம் கையேந்தாமல் வாழ அதனை வைத்துக்கொண்டு, அதன் முதுகில் அல்லாஹ்வுக்குள்ள உரிமையையும் மறவாதவர் இரண்டாமவர். பகட்டுக்காகக் கட்டி வைத்தவரே மூன்றாமவர். விலங்கு அதே விலங்குதான். வேறுபடுவது நிய்யத்து ஒன்றே. ஒரு பயணத்தின்போது, மிகுதியான வாகனம் வைத்திருப்பவர் அது இல்லாதவருக்குக் கொடுத்து உதவட்டும் என்று நபியவர்கள் ஏவியதை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவித்துள்ளார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் விருந்தினருக்கும் உள்ள படுக்கைக்கு மேற்பட்ட நான்காவதை ஷைத்தானுக்குரியதாகக் கூறிய நபிமொழியும் உண்டு. தேவைக்கு மிஞ்சிப் பெருமைக்காகச் சேர்ப்பதையே அது குறிக்கிறது என்பது இமாம் நவவீ அவர்களின் விளக்கம். எண்ணிக்கையைவிடத் தேவையே அளவுகோல் என்பது இதனால் தெளிவாகும். ஆறு பேர் மூன்று திசைகளில் பணிக்குச் செல்லும் வீட்டில் மூன்று வண்டியும் மிகையாகாது. இருவர் மட்டும் வாழும் வீட்டில் இரண்டே மிகையாகலாம்.

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. டி.என். 43 என்னும் உள்ளூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கு இந்தத் தடை பொருந்தவில்லை. உதகை சேரிங்கிராஸில் நெரிசலில் சிக்கும்போதெல்லாம் சுற்றுலாப் பயணிகளைக் குறைகூறும் நாம், சாலையோரத்தை ஆண்டு முழுதும் அடைத்து நிற்கும் நம் வீட்டு வண்டியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாதையில் இடையூறு அகற்றுவதை ஈமானின் கிளையாகக் கற்ற சமுதாயம் இது!

முடிவெடுப்பதற்கு உகந்த வேளை, இன்சூரன்ஸ் முடிய ஒரு மாதம் இருக்கும்போது. வீட்டார் அனைவரும், பெண்மக்கள் உட்பட, அமர்ந்து கடந்த ஓராண்டில் ஒவ்வொரு வண்டியும் எத்தனை நாள் ஓடியது, யாருக்காக ஓடியது என்று பேசட்டும். அண்டை வீட்டுப் பிரசவத்துக்கும் ஜனாஸாவுக்கும் ஓடிய ஜீப், ஓடிய நாட்கள் குறைவாயினும் தன் இடத்தைக் காத்துக்கொள்ளும். ஊரில் இல்லாதவருக்காகக் காத்து நிற்கும் கார் அப்படியல்ல; ஒரு மாத விடுமுறைக்கு வாடகை வண்டி மலிவாகவே அமையும். வைத்துக்கொள்ளும் வண்டிகளுக்கும் ஒன்று கவனிக்க வேண்டும்: உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு, ஒருவர் பெயரில் பல வண்டி இருந்தாலும் ஒன்றே போதும். வண்டிதோறும் கட்டுவது வீண்.

விற்பதென முடிவானால், பணத்தை எண்ணி வாங்கியதோடு நின்றுவிடலாகாது. பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறும்வரை, அந்த வண்டி செய்யும் விபத்துக்குப் பழைய உரிமையாளரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விற்ற 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு ஜகாத் இல்லை. ஆயினும் அதை விற்ற பணம் கையில் தங்கி, நிஸாபை எட்டி, ஓராண்டும் நிறைந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்குரியதாகி விடும்.